பின்கட்டில் பச்சை மை

முன்வாசலுக்குப் போகாதீர்கள், அங்கே நமக்கு வேலையில்லை. கட்டடத்தின் பக்கவாட்டில், குப்பைத் தொட்டிகளைத் தாண்டினால் ஒரு இரும்புக் கதவு இருக்கிறது பாருங்கள், அதுதான் நம் வழி. பூட்டிக்கொள்ளாமல் இருக்க யாரோ ஒரு செங்கல்லை அண்டக்கொடுத்திருக்கிறார்கள். தலையைக் குனிந்துகொள்ளுங்கள். படிக்கட்டு குறுகல், இருப்பது ஒரே விளக்கு, அதுவும் விட்டு விட்டு எரிகிறது. மேலேயிருந்து டீ வாசனை, சமோசா வாசனை, பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுகிற சத்தம், நடுவில் யாரோ ஒருவர் "என் இன்னொரு ஷூ எங்கே?" என்று அலறுவது எல்லாம் சேர்ந்து இறங்கி வருகின்றன. நம்மை உள்ளே விட்டுவிட்டார்கள்! ஒரு நாடக அரங்கின் பின்கட்டுக்குள், அதுவும் பரிசு அறிவிக்கும் நாளில்! எனக்கு இதைவிடப் பெரிய விருந்து கிடையாது. வாருங்கள், உங்களையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

நாம் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயரில், பிராட்ஃபோர்டு நகரத்தில். கம்பளியால் எழுந்த ஊர் இது. 'லிட்டில் ஜெர்மனி' என்று பெயர்பெற்ற இந்தப் பகுதியில், 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்து வந்த கம்பளி வியாபாரிகள் உயரம் உயரமாகக் கல் கிடங்குகளைக் கட்டினார்கள். கம்பளி வியாபாரம் ஓய்ந்துவிட்டது, கிடங்குகள் நிற்கின்றன. அதில் ஒன்றின் மேல்மாடியில் ஒரு சின்ன நாடகக் குழு குடியிருக்கிறது. அவர்கள்தான் இந்த ஆண்டு ஒரு புதிய நாடக எழுத்து விருதைத் தொடங்கியிருக்கிறார்கள், இந்த ஊர் மகள் ஆண்ட்ரியா டன்பாரின் நினைவாக. கூலிக்கும் ஷிஃப்டுக்கும் உழைக்கிற குடும்பத்திலிருந்து வருகிறவர்கள், இதுவரை ஒரு நாடகமும் மேடையேறாதவர்கள் மட்டும்தான் எழுதி அனுப்பலாம். கடைசிச் சுற்றுக்கு வந்த நான்கு நாடகங்களை இன்றைக்கு நடிகர்கள் கையில் பிரதியை வைத்துக்கொண்டு மேடையில் வாசித்துக் காட்டுவார்கள். பிறகு பரிசு யாருக்கு என்று சொல்வார்கள். வாசிப்பு ராத்திரி ஏழரைக்கு. இப்போது மணி மூன்று. வேடிக்கையெல்லாம் இந்த இடைவெளியில்தான்.

முதலில் சமையலறை. பெயர்தான் சமையலறை, நடக்கிற வேலையைப் பார்த்தால் தலைமைச் செயலகம். ஒரே மேசையில் ஊக்குகள், தொண்டை மிட்டாய், பின்னிக்கொண்டு கிடக்கும் சார்ஜர் வயர்கள், பாதி கடித்த பிஸ்கட், ஒரு பொய் மீசை, தேடப்பட்டுவந்த அந்த இன்னொரு ஷூ. தொட்டி நிறைய கோப்பைகள். அதற்கு மேலே கொட்டை எழுத்தில் ஒரு அறிவிப்பு: 'கோப்பை கழுவாதவருக்கு வசனம் வெட்டப்படும்.' நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கதாநாயகன் ஒருவர் வேகமாகக் கழுவத் தொடங்கிவிட்டார். சமோசா கொண்டுவந்தது ஒரு நடிகையின் அம்மா. பெரிய அலுமினியத் தட்டு, மேலே ஒரு துண்டு. பிராட்ஃபோர்டின் மில்களில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்க 1950களிலும் 60களிலும் பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரின் மீர்ப்பூர்ப் பக்கத்திலிருந்து ஏராளமான ஆண்கள் வந்தார்கள். இந்த அம்மாவின் மாமனாரும் அப்படி வந்தவர்தானாம். "மகள் நடிக்கப் போறான்னு தெரிஞ்சா அவர் என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டேன். "முதல்ல திட்டியிருப்பார். அப்புறம் முதல் வரிசையில உக்காந்திருப்பார். இந்தா, இன்னொண்ணு எடு கண்ணு" என்று என் தட்டில் வைத்தார்.

அடுத்த அறையில் நடிகர்கள் தரையில் வட்டமாக உட்கார்ந்து பிரதிக்கு வண்ணம் பூசுகிறார்கள். ஆளுக்கொரு நிறம். மஞ்சள் பூசியிருந்தால் அது அம்மா வேஷக்காரருடையது, இளஞ்சிவப்பு என்றால் பக்கத்து வீட்டுக்காரர். ஒரே ஆள் மூன்று வேஷம் கட்டினால் பக்கம் முழுக்க ஹோலிப் பண்டிகைதான். ஒரு பையன் தன் பிரதியை எனக்குக் காட்டினான். ஒரு பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தைக்கு மட்டும் நீலம். "மூணாவது நாடகத்துல எனக்கு அந்த ஒரு வார்த்தைதான். ஆனா அதுலதான் கைதட்டு வரும் பாருங்க" என்றான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் மேடை மேலாளர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் டார்ச், இடுப்பில் கறுப்பு டேப் சுருள், காதில் பென்சில். வந்ததும் எல்லாப் பிரதிகளிலிருந்தும் பிளாஸ்டிக் உறையைப் பிடுங்கி எறிந்தார். பின்னைக் கழற்றினார். "சரசரன்னு சத்தம் கேட்டுச்சு, ஆளை மேடையிலேருந்து இறக்கிடுவேன்" என்றார். பிறகு ஒரு தாளை எடுத்து, வலது கீழ்மூலையை நகத்தால் லேசாக மடித்து, அதைப் பிடித்து ஓசையே இல்லாமல் பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். எல்லோரும் பள்ளிப் பிள்ளைகளைப் போல மூலை மடிக்கத் தொடங்கினார்கள். வாசிப்பைக் கேட்க வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. சத்தம் வராததை யார் கவனிக்கப்போகிறார்கள்?

நுழைவாயில் மேசைக்குப் போகும் ஒரு பெட்டி என் கண்ணில் பட்டது. பெட்டி நிறைய பச்சை மைப் பேனாக்கள். இன்று நடுவர்கள், தொண்டர்கள், கணக்கெழுதுகிறவர் எல்லோரும் பச்சை மையில்தான் எழுத வேண்டுமாம். அதற்குக் காரணம் இருக்கிறது. கொஞ்சம் இந்த ஜன்னலோரம் நில்லுங்கள், சொல்கிறேன்.

ஆண்ட்ரியா டன்பார் 1961இல் பிறந்தவர். நகரத்தின் ஓரத்தில் பட்டர்ஷா என்ற பகுதி. நகராட்சி வாடகைக்குக் கட்டிவிட்ட வீடுகள் வரிசை வரிசையாக நிற்கும். அங்கே பிராஃபர்ட்டன் ஆர்பர் என்ற தெருவில், உடன்பிறந்த ஏழு பேரோடு வளர்ந்தார். அப்பா, அம்மா இருவரும் ஜவுளி ஆலையில் வேலை பார்த்தவர்கள். பதினைந்து வயதில் பள்ளியில் ஆங்கிலப் பாடத்துக்காக ஏதாவது எழுதிவரச் சொன்னார்கள். அவர் தன் தெருவையே எழுதினார்: கர்ப்பமான ஒரு பள்ளிச் சிறுமி, குடித்துவிட்டு அடிக்கும் அப்பா, கூச்சல், அதற்கு நடுவிலேயே வெடித்துக் கிளம்பும் சிரிப்பு. ஆசிரியர் படித்துவிட்டு ஊக்கம் கொடுத்தார். பிறகு அது கைமாறிக் கைமாறி லண்டனின் ராயல் கோர்ட் தியேட்டருக்குப் போனது. அங்கே அப்போது கலை இயக்குநராக இருந்தவர் மேக்ஸ் ஸ்டாஃபோர்டு கிளார்க். அவர் கைக்கு வந்தது பள்ளி நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள்கள். எழுதியிருந்தது பச்சை பால்பாயிண்ட் பேனாவில்.

அந்தத் தாள்கள்தான் 'தி ஆர்பர்'. 1980இல் ராயல் கோர்ட்டின் இளம் எழுத்தாளர் விழாவில் அரங்கேறி, பரிசைப் பகிர்ந்துகொண்டது. அரங்கேறிய வேளையில் எழுதியவருக்கு வயது 18! அதே ஆண்டில் நாடகத்தை நீட்டி எழுதச் சொல்லிப் பெரிய மேடைக்கே கொண்டுபோனார்கள். பின்னால் அது நியூயார்க்கிலும் நடந்தது. உடனே அடுத்ததை எழுதச் சொல்லிக் கேட்டார்கள். 1982இல் வந்தது 'ரீட்டா, சூ அண்ட் பாப் டூ'. 1986இல் 'ஷெர்லி'. அவ்வளவுதான், மூன்று நாடகங்கள். 1990 டிசம்பரில் மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்துபோனார். 29 வயது. மூன்று குழந்தைகள். கடைசிக் காலத்திலும் பட்டர்ஷாவில்தான் இருந்தார்.

இதை எனக்குச் சொன்ன ஒருங்கிணைப்பாளர் பெண்ணுக்குக் குரல் கம்மிவிட்டது. "ஆண்ட்ரியா மாதிரி எழுதற பிள்ளைங்க இந்த ஊர்ல தெருவுக்குத் தெரு இருக்காங்க. அந்தத் தாளைக் கையில வாங்கி எடுத்துட்டுப் போறதுக்குத்தான் ஆள் இல்லை" என்றார். விருதின் விதிமுறைகளைப் படித்தால் இந்த ஒரு வாக்கியம்தான் எல்லா வரியிலும் ஓடுகிறது. தட்டச்சு செய்து அனுப்ப வேண்டியதில்லை. கையால் எழுதலாம். எழுத வராதவர் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்பலாம். நுழைவுக் கட்டணம் கிடையாது. கடைசிச் சுற்றுக்கு வந்தால் பஸ் காசு தருவார்கள். குழந்தையை யாரிடமும் விட முடியாவிட்டால் கூட்டிக்கொண்டே வரலாம், பார்த்துக்கொள்ள ஆள் போட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், பரிசுத்தொகையைவிட இந்தப் பஸ் காசுக்குத்தான் எழுந்து நின்று கைதட்ட வேண்டும்.

சரி, வாருங்கள், இந்த அறையை நீங்கள் பார்த்தே ஆக வேண்டும். இதுதான் எழுத்துக்கூடம். மாடிப்படிக்கு அடியில், ஒரு ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத பொந்து. அங்கே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்ட ஒரு பெரியவர். ரயில்வே குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். கையெழுத்தில் வருகிற நாடகங்களையெல்லாம் தட்டச்சு செய்வது இவர் வேலை. இன்றைய நான்கில் ஒன்று வந்த கோலத்தை எனக்குக் காட்டினார். முதியோர் இல்லத்தின் ஷிஃப்ட் அட்டவணைத் தாள்கள்! ஒரு பக்கம் யார் யாருக்கு எந்த வேளை வேலை என்ற கட்டங்கள். மறுபக்கம் நாடகம். எழுதியவர் அங்கே வேலை பார்க்கிற பெண். ராத்திரி ஷிஃப்டில், பெரியவர்கள் எல்லோரும் தூங்கிய பிறகு, அழைப்பு மணி அடிக்காத நேரத்தில் எழுதியிருக்கிறார். சில இடங்களில் வசனம் பாதியில் நிற்கிறது. அந்த இடத்தில் மணி அடித்திருக்கிறது என்று பெரியவர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். திரும்பி வந்து எழுதும்போது பேனா மாறியிருக்கிறது, சில சமயம் கோபமும் ஏறியிருக்கிறது.

"ஆரம்பத்துல நான் எழுத்துப் பிழையெல்லாம் திருத்திக்கிட்டே போனேன்" என்றார். "நாலு பக்கம் முடிச்சுட்டு வாய்விட்டுப் படிச்சுப் பார்த்தேன். நாடகம் செத்துப்போச்சு. அந்தப் பொண்ணு தப்பா எழுதலை. அவங்க வீட்டுல பேசறதை அப்படியே எழுதியிருக்கு. நான் திருத்தினதும் எல்லாரும் வக்கீல் மாதிரிப் பேச ஆரம்பிச்சுட்டாங்க." அந்த நாலு பக்கத்தையும் கிழித்துப்போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார். அன்றிலிருந்து ஒரு விதி: சந்தேகம் வந்தால் திருத்தக் கூடாது, எழுதியவருக்குப் போன் போட வேண்டும். ஒரு கமாவுக்காக அவர் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டது இப்போது குழுவுக்குள் பெரிய கதை. அந்தப் பெண் அப்போது ஒரு பாட்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாராம். போனை ஸ்பீக்கரில் போட்டு வசனத்தைச் சொல்லிக் காட்ட, பாட்டி குறுக்கிட்டு, "அங்கே நிறுத்தாதே, ஒரே மூச்சுல சொல்லு" என்றாராம். கமா போய்விட்டது. பாட்டி சொன்னதுதான் சரி, நானும் சொல்லிப் பார்த்தேன்.

இன்னொரு கதவு. இங்கே சத்தம் போடாதீர்கள், நடுவர்கள் இருக்கிறார்கள். தேர்வெல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது, கடைசி முடிவு மட்டும் இன்றைய வாசிப்புக்குப் பிறகு. ஆனால் முந்தைய சண்டைகளின் தடயங்கள் சுவர் முழுக்க இருக்கின்றன. எந்தப் பிரதியிலும் எழுதியவர் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆட்கள் படித்து, ஒட்டுக்காகிதத்தில் குறிப்பு எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஒரு பிரதிக்கு ஒருவர் 'வேண்டாம்' என்று ஒட்டியிருக்கிறார். அதன் மேலேயே இன்னொருவர் 'வேண்டும்! வேண்டும்! இரண்டாம் காட்சியை மறுபடி படியுங்கள்!' என்று ஒட்டியிருக்கிறார். அதற்கும் கீழே முதல் ஆளின் கையெழுத்தில் சின்னதாக, 'படித்தேன். மன்னிக்கவும். வேண்டும்.' இந்த மூன்றாவது சீட்டைப் பார்த்ததும் எனக்கு அந்த நடுவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. தான் சொன்னதை எழுத்தில் மாற்றிக்கொள்கிற நடுவர் எத்தனை பேர் இருக்கிறார்கள்! அந்தப் பிரதியும் இன்றைய நான்கில் ஒன்று.

மணி ஐந்து. கூடத்தில் ஒத்திகை. வெளியே மழையும் குளிரும், உள்ளே ஒரு பழைய ஹீட்டர். திருகினால் முழு வேகத்தில் எரியும், இல்லாவிட்டால் எரியவே எரியாது. எரிகிறது. எல்லோருக்கும் வியர்த்து ஊற்றுகிறது. நடிகர்கள் ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு பனியனோடு நிற்கிறார்கள். தரையெல்லாம் டேப்பால் சிலுவைக் குறிகள், யார் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு. வாசிப்புக்கு முன்னால் ஒரு சின்ன மரியாதை, டன்பாரின் 'ரீட்டா, சூ அண்ட் பாப் டூ' நாடகத்திலிருந்து கொஞ்சம் நடிக்கப்போகிறார்கள். இரண்டு பள்ளிச் சிறுமிகள், அவர்களைக் காரில் வீட்டில் விடுவதாகச் சொல்லி வேறு எங்கோ ஓட்டிப்போகிற, கல்யாணமான ஒரு ஆள். முதன்முதலில் ராயல் கோர்ட்டில் நடந்தபோது அந்த இரண்டு சிறுமிகளாக நடித்தவர்கள் ஜோயன் வாலியும் லெஸ்லி மேன்வில்லும். 1987இல் ஆலன் கிளார்க் அதையே சினிமாவாக எடுத்தார், பிராட்ஃபோர்டிலேயே.

மேடையில் கார் ஏது? நாலு நாற்காலி. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. ஓட்டுநருக்கு ஸ்டீயரிங்காக ஒரு டின்னர் தட்டு, இப்போதுதான் சமையலறையிலிருந்து எடுத்தது. வளைவில் திரும்பும்போது மூன்று பேரும் ஒரே பக்கம் சாய வேண்டும். ஆட்டம் சேரவில்லை. ஒருத்தி இடது, ஒருத்தி வலது. மூன்றாவது தடவை நாற்காலியோடு ஒருவர் கவிழ, மேடை மேலாளர் டார்ச்சை அடித்துப் பார்த்து, "அடி பட்டுச்சா? இல்லையா? அப்ப எழுந்து ஓட்டு!" என்றார். கூடமே சிரித்தது. சிரித்து முடித்ததும் இயக்குநர் பெண் மெதுவாகச் சொன்னார்: "அந்த ரெண்டு பொண்ணுங்களுக்கும் பதினஞ்சு வயசு. சிரிக்க வச்சுக்கிட்டே இருங்க. கடைசியில ஜனங்களுக்குத் தாங்க சிரிச்சது தொண்டையில சிக்கணும்." அடுத்த தடவை மூன்று பேரும் ஒரே நேரத்தில் சாய்ந்தார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நாலு நாற்காலியும் ஒரு தட்டும்தான், ஆனால் கார் ஓடியது.

வாசிப்பு நாடகத்தில் ஒரு தனி வேஷம் உண்டு, தெரியுமா? மேடைக் குறிப்புகளைப் படிக்கிறவர். 'அவள் கதவைச் சாத்துகிறாள்', 'இடைவெளி' என்றெல்லாம் ஓரமாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும். கொஞ்சம் அழுத்திப் படித்தாலும் நடிகரின் உணர்ச்சியைத் தின்றுவிடும், மென்று விழுங்கினாலோ கூட்டத்துக்குக் கதவு சாத்தியதே தெரியாது. இன்றைக்கு இந்த வேலை ஒரு பள்ளிக்கூட சமையல்காரம்மாவுக்கு. நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் இரைச்சலுக்கு மேலே குரல் கொடுத்துப் பழகியவர். 'இடைவெளி' என்பதை அவர் சொல்லும்போது அந்த இடைவெளி உண்மையாகவே விழுகிறது.

ஆறு மணிக்கு எழுதியவர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். இதுதான் இன்றைய நாளில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. பஸ் ஓட்டுநர் ஒருவர், சீருடை மேலேயே கோட்டு. தன் நாடகத்தில் வருகிற பஸ் எந்த வழித்தடம் என்று நடிகர் கேட்டதும், நிறுத்தம் நிறுத்தமாக ஒப்பிக்கத் தொடங்கிவிட்டார். கிடங்கில் பெட்டி கட்டுகிற இளைஞன் ஒருவன், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு யாரோடும் பேசவில்லை. மேடை மேலாளர் அவன் கையில் ஒரு டேப் சுருளைக் கொடுத்து, "இதைப் பிரிச்சுக் குடு கண்ணு, எனக்கு நகமில்லை" என்றார். அவருக்கு நகம் நன்றாகவே இருக்கிறது, சற்று முன்னால்தானே தாள் மடித்தார்! பையன் டேப்பைப் பிரித்துப் பிரித்துக் கொடுக்க, பத்து நிமிடத்தில் அவனுக்குப் பேச்சு வந்துவிட்டது.

நான்கு பேரில் இன்னொருவர் பாட்டி. ஐந்து பேரப்பிள்ளைகள். தன் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அக்காவுக்கோ முகத்தில் ஈயாடவில்லை. "இதுல என்னைப் பத்தி எழுதியிருக்கியாமே?" "உன்னைப் பத்தி இல்லைக்கா, உன்ன மாதிரி ஒருத்தி." "அவ என்ன பண்றா?" "வந்து பாரேன்." இந்தப் பேச்சைக் கேட்டு எல்லோரும் சிரித்தோம். ஆனால் ஒருங்கிணைப்பாளர் போய் அந்த அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வெகுநேரம் பேசினார். காரணம் இருக்கிறது. 'ரீட்டா, சூ' சினிமா வந்தபோது பட்டர்ஷாவில் பலருக்குக் கோபம். எங்கள் தெருவை இப்படியா காட்டுவது என்று சிலர் ஆண்ட்ரியாவை மிரட்டினார்கள். அவர் பட்டர்ஷாவிலேயேதான் தொடர்ந்து வாழ்ந்தார். கைதட்டு லண்டனில், மிரட்டல் வாசற்படியில். சொந்தத் தெருவை எழுதுகிற யாருக்கும் இது நேரும். அதனால் இந்த விருதுக் குழு ஒரு நல்ல வழக்கம் வைத்திருக்கிறது: வாசிப்புக்கு முன்பே எழுதியவரின் வீட்டாரை ஒத்திகைக்குக் கூப்பிட்டு உட்கார வைப்பது. அக்கா ஒத்திகையின் கடைசிப் பகுதியைப் பார்த்தார். வெளியே வந்து, "நான் இதைவிட நல்லாத் திட்டுவேன்" என்று சொல்லிவிட்டு, மேடையில் தன்னைப்போல நடிப்பவளுக்கு இரண்டு வசவு சொல்லிக்கொடுத்தார். இரண்டும் நாடகத்தில் சேர்ந்துவிட்டன!

முதியோர் இல்லத்துப் பெண் வந்தது எல்லோருக்கும் கடைசியில். ஷிஃப்ட் முடிந்து நேரே வந்திருக்கிறார், நீலச் சீருடை, மார்பில் தலைகீழாகத் தொங்கும் கடிகாரம், கையில் நாலு வயது மகன். மகன் கோட்டுக் குவியல் மேல் ஏறிப் படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனான். தட்டச்சுப் பெரியவர் பொந்திலிருந்து குனிந்தபடி வெளியே வந்தார். இருவரும் அதுவரை போனில்தான் பேசியிருக்கிறார்கள். "அந்தக் கமா..." என்று தொடங்கினார் பெரியவர். "எடுத்தாச்சுல்ல?" என்றார் அந்தப் பெண். உடனே இருவரும் ஏதோ பல வருஷச் சிநேகம் போலப் பிரதியைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்கள்.

ஏழரை. பக்கத் திரைக்குப் பின்னால் நமக்கு ஒரு ஓரம் கொடுத்திருக்கிறார்கள். நகராதீர்கள், அந்த வயரை மிதிக்காதீர்கள். இங்கிருந்து கூட்டம் தெரியாது, கேட்கும். அது போதும். திரைக்குப் பின்னால் நின்று ஒரு கூட்டத்தின் சிரிப்பைக் கேட்டிருக்கிறீர்களா? முன்வரிசையில் பொசுக்கென்று ஒன்று கிளம்பி, பின்னால் பரவி, பால்கனியில் போய் வெடித்துவிட்டுத் திரும்பி வரும். கார் காட்சிக்கு அப்படித்தான் வந்தது. இயக்குநர் கேட்ட மாதிரியே பாதியில் நின்றும் போனது. அந்த நிமிடத்தில் இயக்குநர் என் கையைப் பிடித்து நசுக்கிய நசுக்கல் இன்னும் வலிக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது.

பஸ் ஓட்டுநரின் நாடகம் நன்றாக ஓடியது. கிடங்குப் பையனுடையது கொஞ்சம் நீளம், ஆனால் அந்தத் தனிமையை எழுத எங்கே கற்றான் இந்தப் பிள்ளை! மூன்றாவது, பாட்டியின் நாடகம். நீல மைக்காரன் நினைவிருக்கிறதா? தன் ஒரு வார்த்தைக்காக முக்கால் மணி நேரம் ஓரத்தில் நின்றான். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. அக்கா கொடுத்த வசவு மேடையில் பறந்து முடிந்த அடுத்த நொடியில் உள்ளே போனான், சொன்னான், கூடம் இடிந்து விழுவது போலக் கைதட்டு. திரும்பி ஓடிவந்து மேடை மேலாளரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான். அவர் டார்ச்சால் அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

நான்காவது, ஷிஃப்ட் அட்டவணைக்குப் பின்னால் எழுதப்பட்ட நாடகம். எழுதிய பெண் பார்வையாளர் பக்கம் உட்கார மறுத்துவிட்டு எங்களோடு திரைக்குப் பின்னால் நின்றார். ஒரு முதியவர், அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண், ஒரு ராத்திரி, இவ்வளவுதான் கதை. வசனம் போகப்போக எழுதியவர் வாய் எல்லோருடைய வசனத்தையும் சேர்த்து முணுமுணுத்தது. இல்லத்துப் பாட்டி சொன்ன அந்த ஒரே மூச்சு வசனம் வந்தது. நடிகை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். தட்டச்சுப் பெரியவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக் கண்ணைத் துடைத்தார்.

நடுவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது டீ, ஆறிப்போன சமோசா, தாங்க முடியாத அரைமணி நேரம். பிறகு வெளியே வந்து சொன்னார்கள்: அட்டவணை நாடகத்துக்குத்தான் பரிசு! முதலில் கத்தியது பஸ் ஓட்டுநர். பாட்டியின் அக்கா மட்டும் நடுவர்களிடம் சண்டைக்குப் போனார், "என் தங்கச்சிக்கு ஏன் இல்லை?" என்று. சாயங்காலம் முகத்தில் ஈயாடாமல் நின்றவர் இவர்தான்!

பரிசு என்றால் ஒரு கேடயமும் காசோலையும் கொடுத்துவிட்டு வழியனுப்புவது இல்லை இங்கே. பணத்தில் ஒரு பங்கு இன்றைக்கு. மீதி, அடுத்த நாடகம் எழுதுகிற மாதங்களில் மாதாமாதம், ஷிஃப்டைக் குறைத்துக்கொள்ள முடிகிற மாதிரி. படித்துப் பார்க்க ஒரு இயக்குநர், பேச ஒரு ஆள், முழு ஒத்திகையோடு மேடை. ஆண்ட்ரியாவுக்குக் கைகொடுக்க லண்டனில் ஆள் கிடைத்தார்கள். தொடர்ந்து இப்படி ஒரு ஏற்பாடு பட்டர்ஷாவுக்கே வந்திருந்தால் மூன்று என்பது எத்தனையாகியிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டே இருந்தேன். அவருக்குப் பின்னால் அவரைப் பற்றி எவ்வளவு வந்துவிட்டது! கிளியோ பர்னார்டு 2010இல் 'தி ஆர்பர்' என்ற பெயரிலேயே படம் எடுத்தார், அடெல் ஸ்ட்ரைப் 2017இல் நாவல் எழுதினார். அவரே எழுதியது மட்டும் மூன்றோடு நின்றுவிட்டது.

இதற்குள் பின்கட்டில் வேறு கலவரம். வெற்றிபெற்ற பெண் போனைக் காதில் வைத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் காலை ஷிஃப்டை மாற்றித்தரச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். முடியாதாம், ஆள் இல்லையாம், காலை ஆறரைக்கு வந்தே ஆக வேண்டுமாம். "நான் கொண்டுபோய் விடறேன்" என்கிறார் பஸ் ஓட்டுநர், "அந்த வழியில முதல் வண்டி என்னோடதுதான்." மேடை மேலாளர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே டேப் குறிகளைப் பிய்க்கிறார். கழுவாத கோப்பைகளுக்கு யார் பொறுப்பு என்று சமையலறையில் விசாரணை. தூங்கிப்போன மகனைக் கோட்டுக் குவியலிலிருந்து தேடி எடுத்துத் தோளில் போட்டுக்கொள்கிறார் அம்மா. பெரியவர் கதவருகே வழிமறிக்கிறார்.

"அடுத்தது?"

"முப்பது தாள் ஆயிடுச்சு" என்கிறார் அந்தப் பெண். "புது மாச அட்டவணை இன்னும் போடலை. அதான் நிக்குது."

பெரியவர் பிரிண்டரைத் திறந்து, உள்ளே இருந்த வெள்ளைத்தாள் கட்டை அப்படியே எடுத்து அவர் பையில் திணிக்கிறார்.